வெட்டுப்பட்ட விரல்கள் உருவாக்கிய ஓசை

ஹெவி மெட்டல் எங்கே பிறந்தது என்று ராக் ரசிகர்களிடம் கேட்டால் வாதம் நீளும். லெட் செப்பலின் என்பார் ஒருவர், டீப் பர்ப்பிள் என்பார் இன்னொருவர். இருண்ட, கனத்த, மெதுவாக நகரும் அந்த ஓசையை முழு உருவத்தில் முதலில் தந்தது பிளாக் சபாத் குழுதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஓசையை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஓர் ஆலை விபத்து, கையில் காசில்லாத நான்கு இளைஞர்கள், ஒரே ஒரு நாள் ஸ்டுடியோ நேரம் என்று நெருக்கடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கண்ட வழியே அந்த இசையாயிற்று.

முதலில் ஊரைப் பார்ப்போம். இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் ஆஸ்டன் என்றொரு பகுதி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டுகளுக்கு இலக்கான நகரம் அது. கிட்டார் வாசித்த டோனி அயோமி, பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், ட்ரம்ஸ் வாசித்த பில் வார்டு மூவரும் 1948இல் பிறந்தவர்கள். பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர் 1949இல். அங்கே பள்ளியை முடித்த பிள்ளைக்கு அடுத்த இடம் பெரும்பாலும் ஆலைதான். ஓஸி கார் ஹார்ன்களைச் சோதிக்கும் ஆலையிலும் இறைச்சிக்கூடத்திலும் வேலை பார்த்தார். திருட்டு வழக்கில் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். பட்லர் கணக்கு வேலை கற்றவர். அயோமி தகடு வெட்டும் பட்டறைக்குப் போனார்.

அயோமிக்கு அப்போது 17 வயது. இசையையே தொழிலாகக் கொள்வது என்று முடிவெடுத்து, வேலையை விட்டு நிற்கும் கடைசி நாள். இயந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். தந்திகளை அழுத்த வேண்டியது வலக்கைதான். இனி வாசிக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். மனமுடைந்து கிடந்தவரிடம் ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்திருந்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும், மிச்சமிருந்த விரல்களால் ஐரோப்பிய ஜாஸ் இசையின் தலைசிறந்த கிட்டார் கலைஞரானவர்.

அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, உருண்டையாக்கி, சூடான கம்பியால் துளைத்து, விரல்நுனியில் பொருந்தும் வரை தேய்த்துத் தேய்த்து இரண்டு உறைகள் செய்துகொண்டார். வெறும் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். பிடிப்பு வந்தது. ஆனால் அந்த இரண்டு விரல்களிலும் தந்தியின் தொடு உணர்வு இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் அறிய வேண்டும்.

அவர் வாசிப்பின் தன்மை இங்கிருந்தே தொடங்குகிறது. வழக்கமான தடித்த தந்திகள் விரலுக்கு வலி தந்தன. மெல்லிய கிட்டார் தந்திகள் அன்று கடைகளில் எளிதில் கிடைக்காததால் பாஞ்சோவின் தந்திகளை எடுத்துக் கட்டினார். பல விரல்கள் வேண்டியிருந்த கார்டுகளைக் குறைத்து, ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து ஒலிக்கும் பவர் கார்டுகளை அதிகம் நம்பினார். ஆம்ப்ளிஃபயரை முழு ஒலியளவில் வைத்து ஒலியைச் சிதைக்கும்போது, பல சுரங்கள் கொண்ட கார்டு குழம்பிப்போகும். இந்த இரண்டு சுரங்களோ இன்னும் பருத்து நிற்கும். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் கிட்டாரின் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். அப்படி இறக்கினால் தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், விரலுக்கு நிம்மதி. கூடவே ஓசை அடியாழத்துக்கு இறங்கியது. இன்று உலகெங்கும் மெட்டல் குழுக்கள் வழக்கமாகச் செய்வதும் இதைத்தான்.

இனி குழுவின் கதை. 1968இல் அயோமியும் வார்டும் இருந்த குழு கலைந்தது. ஓஸி தனக்குப் பாட வாய்ப்பு வேண்டும் என்று இசைக்கருவிக் கடையில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து இருவரும் அவரைத் தேடிப் போனார்கள். ஓஸியோடு ஏற்கெனவே ஒரு குழுவில் இருந்த பட்லரும் சேர்ந்தார். முதலில் ஆறு பேர், பிறகு நான்கு பேர். 'எர்த்' என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்தார்கள். அதே பெயரில் வேறொரு குழுவும் இருந்ததால் குழப்பம் வந்தது. 1963இல் வந்த ஒரு திகில் படத்தின் பெயரையே தங்கள் புதுப் பாடலுக்கு வைத்திருந்தார்கள். 1969இல் குழுவுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள்.

அந்தப் பாடலைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். மழை, தூரத்து மணியோசை, பிறகு மூன்றே சுரங்கள்: கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். கல்யாணியில் நம் காதுக்கு இனிக்கும் அதே பிரதி மத்யமம்தான். ஆனால் மேலைச் செவ்வியல் மரபில் இந்த இடைவெளி நிலைகொள்ளாத, அச்சமூட்டும் ஒன்றாகவே கேட்கப்பட்டு வந்தது. பட்லர் ஹோல்ஸ்ட்டின் 'செவ்வாய்' இசையைப் பேஸில் வாசித்துப் பார்க்க, அதன் நிழலில் அயோமி இந்தச் சுரவரிசையைக் கண்டெடுத்தார். வேகத்தைக் குறைத்து, சுரங்களுக்கு நடுவே மௌனம் விட்டு வாசித்ததில்தான் அந்த அச்சம் கூடியது. ஜாஸ் கேட்டு வளர்ந்த பில் வார்டு அந்த மௌனங்களைத் தாளத்தால் நிரப்பிய விதம் தனி அழகு.

முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில், லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பதுபோலவே வாசித்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அது வெளியானது. விமர்சகர்கள் எள்ளி நகையாடினார்கள். மக்களோ அதைப் பிரிட்டன் பட்டியலில் எட்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்' முதலிடம் பிடித்தது. ஆல்பத்தில் இடம் மிஞ்சியதால் சில நிமிடங்களில் எழுதிய தலைப்புப் பாடலே அவர்களின் பெரிய வெற்றியானது.

பேய் பிசாசுப் பாட்டு என்று இவர்களை ஒதுக்கியவர்கள் வரிகளைக் கவனிக்கவில்லை. பெரும்பாலான பாடல்களை எழுதிய பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 'வார் பிக்ஸ்' ஏழைகளைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டுப் பாதுகாப்பாக இருக்கும் ஆட்சியாளர்களைச் சாடுகிறது. 'ஹேண்ட் ஆஃப் டூம்' வியட்நாமிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பேசுகிறது. பூக்களையும் அன்பையும் பாடிய காலத்தில், தொழிலாளர் குடியிருப்புகளின் பயத்தையும் கோபத்தையும் இவர்கள் பாடினார்கள்.

பிற்காலம் கரடுமுரடானது. போதையும் மனக்கசப்பும் சேர்ந்து 1979இல் ஓஸி வெளியேற்றப்பட்டார். ரோனி ஜேம்ஸ் டியோ வந்து 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' தந்தார். பிறகு எத்தனையோ பேர் வந்துபோனார்கள். எல்லா அணிகளிலும் இருந்தவர் அயோமி ஒருவரே. 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் குழுவை வரவேற்றுப் பேசியவர்கள் மெட்டாலிக்கா குழுவினர். 2023இல் பர்மிங்காம் ராயல் பாலே இவர்களின் இசைக்கு நடனம் அமைத்தது. 2025 ஜூலை 5 அன்று, ஓஸி வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றுகூடினார்கள். பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி நாற்காலியில் அமர்ந்து பாடினார். 17 நாள் கழித்து, 76 வயதில் அவர் மறைந்தார்.

விபத்து யாரையும் கலைஞராக்கிவிடாது. விரலை இழந்து வாசிப்பை விட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். தன் கைக்கு ஏற்றபடி கருவியையே மாற்றிக்கொண்ட பிடிவாதம்தான் அயோமியின் மேதைமை. இந்த இசை வெறும் இரைச்சல் என்று எண்ணுகிறவர்கள் முதல் ஆல்பம், 'பாரனாய்ட்', 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' மூன்றையும் வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். கிட்டார் படிப்படியாகக் கனப்பதை உங்கள் காதே சொல்லும்.