ஒரு வீட்டுப் பங்காளிகள்

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் மாலை, ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்தின் படித்துறையில் எழுந்தருளியிருந்த ஆசாரியரைத் தண்டனிட்டு எழுந்த சீடன், நெடுநாளாக நெஞ்சில் கிடந்த ஐயத்தை விண்ணப்பித்துக்கொண்டான்.

சீடன்: சுவாமி, இராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரிகள் இருவர் வாதிட்டதை அடியேன் கேட்டேன். ஆபிரகாம் பலியிடத் துணிந்த மைந்தன் ஈசாக்கு என்றார் கிறிஸ்தவர். இஸ்மாயில் என்றார் முஸ்லிம். யூத மதத்தையும் சேர்த்து மூன்றும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் கலகம் ஒழியாதோ?

குரு: ஒழியாது, அப்பனே. முதலில் அவர்களுடைய பொதுச்சொத்தைக் கணக்கிடு. உலகைப் படைத்த ஏக இறைவனையும், அவன் வாக்கைச் சுமந்து வந்த தீர்க்கதரிசிகளையும், நியாயத்தீர்ப்பையும் மூவரும் ஏற்கின்றனர். யூதருடைய வேதம் கிறிஸ்தவருக்குப் பழைய ஏற்பாடாக விளங்குகிறது. விவிலியத்தின் மோசேயே குர்ஆனில் மூஸா. இயேசுவின் அன்னை மரியமின் பெயராலேயே அங்கே ஓர் அத்தியாயம் உண்டு.

சீடன்: பிரிவது எவ்விடத்தில், சுவாமி?

குரு: இயேசுவினிடத்தில். யூதருக்கு அவர் தாம் காத்திருக்கும் மேசியா அல்லர். கிறிஸ்தவருக்கு, மனிதராய் அவதரித்துச் சிலுவையில் உயிர் தந்து மூன்றாம் நாள் எழுந்த தேவகுமாரன். முஸ்லிம்களுக்கு, கன்னி வயிற்றில் உதித்த ஈசா நபியேயன்றித் தேவகுமாரன் அல்லர். இறுதித் தூதர் முகம்மது நபியே. இவை வெறும் சொற்பேதம் அல்ல. 'எல்லாம் ஒன்றே' என்று நீ பூசி மெழுகினால், ஒவ்வொருவரும் உயிரினும் மேலாகக் காக்கும் ஒன்றை அற்பமாக்கியவன் ஆவாய்.

சீடன்: இவ்வளவு நெருங்கியவர்களுக்குள் பகை மூள்வானேன்?

குரு: நம்மவரையே பார். ஒரே இராமாநுஜரையும் ஒரே நாலாயிரத்தையும் சிரமேற்கொண்ட வடகலையாரும் தென்கலையாரும், திருமண்காப்பின் வடிவுக்காகவும் சந்நிதியில் எவ்வாசாரியரின் வாழ்த்தை ஓதுவது என்பதற்காகவும் நியாயஸ்தலம் வரை சென்றார்கள் அல்லவா? பாக வழக்கு அயலானோடு வருவதில்லை; பங்காளியோடுதான் வரும். ஆபிரகாமுக்கு இறைவன் அளித்த வாக்குக்கு மெய்யான வாரிசு யார் என்பதே அவர்களுடைய வழக்கு.

சீடன்: அவ்வழக்கு தீருமோ?

குரு: தீராத வழக்கோடும் தர்மமாக வாழலாம். கி.பி. 849 இல் வேணாட்டு அய்யனடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் அளித்த செப்பேட்டில், சாசனம் வட்டெழுத்தில் இருக்க, சாட்சிகளோ அரபு எழுத்திலும், பஹ்லவி எழுத்திலும், எபிரெய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவருடைய கோயிலுக்கு முஸ்லிமும் யூதரும் சாட்சி! அதற்காக அவர்கள் தம் சமயத்தை விட்டார்களா? தம் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளவில்லையே! பேச்சற்றுப் போன பங்காளி வீட்டில் சாவு விழுந்தாலும் நமக்குத் தீட்டு உண்டு. வழக்கு இருக்கிறது என்பதற்காக உறவு அறுந்துவிடுவதில்லை.

சீடன்: அவ்விரு வியாபாரிகளிடமும் அடியேன் என்ன சொல்வது?

குரு: சொல்லாதே, கேள். ஈசாக்கின் சரித்திரத்தைக் கிறிஸ்தவரிடமும், இஸ்மாயிலின் சரித்திரத்தை முஸ்லிமிடமும், இடையிற் புகுந்து சமரசம் பேசாமல், முழுதும் கேட்டு வா.