44 பேரும் ஆறு லட்சம் பேரும்

2015 மே 3 அன்று நடந்த அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். உள்பனியனில் சிம் கார்டும் புளூடூத்தும் தைத்து, காதுக்குள் பொடிக் கருவியைச் செருகி, வெளியிலிருந்து விடை சொல்லிக்கொடுத்த கும்பல் ஒன்றை அரியானா போலீஸார் பிடித்தார்கள். பலனடைந்தவர்கள் என்று அடையாளம் தெரிந்தது 44 பேர். ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்வையே ரத்து செய்தது. ஜூலை 25 அன்று அத்தனை பேரும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

ஒன்பது ஆண்டு கழித்து, அதே மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் வினாத்தாள் கசிந்தது. 23 லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு. ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் கசிந்ததை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. சிபிஐ கணக்கில் பலனடைந்தவர்கள் 155 பேர். ஆனால் 2024 ஜூலை 23 அன்று வந்த தீர்ப்பு, மறுதேர்வு வேண்டாம் என்றது.

களங்கப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது, தண்டனை குறைந்தது என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். ஆனால் இரண்டு தீர்ப்பிலும் அளவுகோல் ஒன்றுதான்: தவறு செய்தவரைச் செய்யாதவரிடமிருந்து பிரித்தெடுக்க முடியுமா? 2015இல் முடியாது என்று தோன்றியது, 2024இல் முடியும் என்று தோன்றியது.

இது வழக்கறிஞர்கள் கண்டுபிடித்த கேள்வி அல்ல. சோதோம் நகரை அழிக்கப் புறப்பட்ட கடவுளிடம் ஆபிரகாம் பேரம் பேசுகிறார். ஐம்பது நல்லவர் இருந்தால் விட்டுவிடுவீரா என்று தொடங்கிப் பத்து பேர் வரை இறங்கி வருகிறார். மதுரைக்குத் தீ வைத்த கண்ணகியும் முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் அறவோரையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் செல்லும்படி நெருப்புக்குக் கட்டளையிடுகிறாள். உச்சக் கோபத்திலும் அவள் அந்த வேறுபாட்டை மறக்கவில்லை. நுழைவுத் தேர்வில் ஆபிரகாமின் கணக்கு தலைகீழாகிறது: எத்தனை கெட்டவர்கள் இருந்தால் நகரத்தையே எரிக்கலாம்?

எண்ணிக்கையில் இதற்கு விடை இல்லை. பிரிக்க முடியாமல் போவது இயற்கையின் விதியும் அல்ல. தேர்வை நடத்துகிறவர் செய்துவைத்த ஏற்பாட்டின் விளைவு அது. ஹசாரிபாக்கில் நடந்ததைப் பாருங்கள். தேர்வு நாளான 2024 மே 5 காலையில் வினாத்தாள் பெட்டி, தேர்வு மையமாக இருந்த ஒரு பள்ளியின் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தது. சிறிது நேரத்தில், உள்ளே வரக்கூடாத ஓர் ஆள் அனுமதிக்கப்பட்டான் என்கிறது சிபிஐ. தனிக் கருவிகளால் பெட்டி திறக்கப்பட்டது, தாள் படமெடுக்கப்பட்டது. விடை எழுதிக்கொடுத்தவர்களாகக் கைதானவர்கள் மருத்துவ மாணவர்கள், அதாவது இதே வாசல் வழியாக ஏற்கெனவே உள்ளே போனவர்கள். பாட்னாவில் கிடைத்த பாதி எரிந்த தாளில் ஒரு வரிசை எண் மிஞ்சியிருந்தது. அதைப் பிடித்துத்தான் புலனாய்வு இந்தப் பள்ளிக்கு வந்தது. அந்த எண்ணும் எரிந்துபோயிருந்தால், 23 லட்சம் பேரின் கதி என்ன ஆகியிருக்கும்? இவ்வளவு பெரிய நியாயம் ஒரு தாளின் ஓரத்தில் தொங்கியிருக்கக் கூடாது.

பெட்டி இப்படித் திறந்து கிடக்க, காவல் முழுவதும் பிள்ளைகளின் உடம்பின் மேல் விழுகிறது. அரைக்கை சட்டை, செருப்பு, கம்மல் கழற்றல் எல்லாம் 2015 களேபரத்துக்குப் பின் இறுகிய விதிகள். அந்த ஜூலை மறுதேர்வில் திருவனந்தபுரத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் முக்காட்டையும் சிலுவையையும் கழற்றச் சொன்னார்கள். அவர் எழுதாமலே திரும்பினார். முந்தைய நாள்தான், ஒரு தேர்வுக்காக முக்காட்டை எடுத்தால் நம்பிக்கை போய்விடாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் பேசியிருந்தது. நம்பிக்கை போகாதுதான். ஆனால் எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்பதை நம்புகிறவரிடம் கேட்காமல் இன்னொருவர் தீர்மானிப்பது எந்த அறத்தில் சேரும்? ஒரு பெண் காவலர், ஒரு மறைவான அறை, அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்வது போதுமே. 2022இல் கொல்லத்தில் உலோகக் கொக்கி இருக்கிறதென்று மாணவிகளின் உள்ளாடையையே கழற்றவைத்தார்கள். நடுங்கிக்கொண்டு எழுதிய அந்தப் பெண்களுக்குப் பிறகு மறுவாய்ப்பு தரப்பட்டது. ஏமாற்றாதவர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்ட தண்டனை அது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.

2024 ஜூனில் அமலுக்கு வந்த பொதுத் தேர்வுச் சட்டம் இந்த விஷயத்தில் சரியான பக்கம் பார்க்கிறது. கும்பலாகச் செய்தால் பத்து ஆண்டு வரை சிறை, ஒரு கோடிக்குக் குறையாத அபராதம் என்று அது குறிவைப்பது தாளைத் திருடி விற்பவர்களையும் துணைபோகும் நிறுவனங்களையும். தேர்வு எழுதும் பிள்ளைகளைச் சட்டத்தின் குற்றவாளிப் பட்டியலிலிருந்து அது விலக்கிவைத்திருக்கிறது. அதே கண், தேர்வுக்கூட வாசலில் நிற்கும் சோதனைக்காரருக்கும் வர வேண்டும். பெட்டி எந்த நிமிடம் எந்தக் கைக்கு மாறியது என்ற பதிவு, ஒவ்வொரு தாளுக்கும் அழியாத அடையாளம், கசிந்தால் சில மணி நேரத்தில் இன்ன மையம் என்று சொல்லக்கூடிய கணக்கு ஆகிய மூன்றையும் தேர்வை நடத்தும் முகமை முதலில் காட்டட்டும். அதற்குப் பிறகு மாணவியின் கம்மலைப் பற்றிப் பேசலாம்.