கல்லில் வைத்த சொல்

ஆலயம் பழுதுற்றால் அதனைப் புதுப்பிக்க ஆகமம் இடந்தருகிறது. ஜீர்ணோத்தாரணம் என்பது அதன் பெயர். எம்பெருமானின் ஸாந்நித்யத்தைக் கும்பத்தில் ஆவாஹனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளப்பண்ணி ஆராதித்து, திருப்பணி முடிந்தபின் ஸம்ப்ரோக்ஷணம் செய்வது மரபு. "அவன் ஸாந்நித்யம் குறைவற விளங்குகையில் பழங்கல் எதற்கு? புதிதாகவே கட்டினால் என்ன?" எனத் திருப்பணி அன்பர் சிலர் கேட்பதுண்டு. பக்தியினின்று பிறந்த கேள்வியாதலின் அதனை எளிதில் தள்ளுதல் தகாது.

இதற்குரிய விடையைக் காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்று ஆயிரமாண்டுகளாகத் தாங்கி நிற்கிறது. தஞ்சை மாவட்டத்துத் திருக்கோடிகாவல் சிவாலயம் முன்னர்ச் செங்கற்றளியாக இருந்தது. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டில் அதனைக் கற்றளியாக்கினார். பல்லவர் காலத்துத் தானசாசனங்கள் அப்போது தனிக்கற்களில் கிடந்தன. அரசியார் அவற்றைப் புதுச்சுவரில் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். பழங்கல்லின் படி இது என்ற குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. சுவர் முழுவதும் தம் கொடையையே எழுதிக்கொள்ள வல்லவர், முன்னோர் கொடைக்கு இடம் விட்டார். கல் மாறலாம், சொல் மாறலாகாது என்பது அவர் கொண்ட முடிவு போலும். சைவாலயமாயினும் இந்நெறி எல்லார்க்கும் பொது.

அச்சொல்லில் அப்படி என்ன உண்டு? சோழர் காலத்தில் நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன; ஆடு இறந்தாலும் எண்ணிக்கை குறையாமல் காத்து, நெய் அளந்துவரவேண்டும். விட்டவர் அரசராகவும் இருப்பர், வணிகராகவும் இருப்பர், எளிய பெண்ணாகவும் இருப்பர். அவர் உலகில் வாழ்ந்தார் என்பதற்கு அவ்வொரு வரியன்றி வேறு சான்று இராது. கொடுத்ததைப் பறித்தலை தத்தாபஹாரம் என்று சாஸ்திரம் நிந்திக்கிறது. ஆடும் நெய்யும் மறைந்தபின் எஞ்சிய பெயரையும் அழிப்பது அதனினும் சிறிய குற்றமாகுமா?

ஆயினும் அழிகிறது. மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்த இடங்களில் எழுத்துகள் மழுங்கின. தளத்தை உயர்த்திக் கல் பாவிய பிராகாரங்களில் அதிஷ்டான வரிகள் பாதி புதைந்தன. குழல்விளக்கின் ஒளியை மறைத்து உபயதாரர் பெயர் எழுதுவதில் மட்டும் குறைவில்லை!

வைஷ்ணவ ஆலயச் சாசனங்கள் பல 'ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' என்றே முடிகின்றன. இத்தர்மத்தை அடியார்கள் காக்கவேண்டும் என்பது அதன் பொருள். அரசனையோ அதிகாரியையோ அது குறிக்கவில்லை. உத்ஸவத்திற்கு எழுந்தருளியுள்ள அன்பர்களையே அது பெயர் சொல்லாமல் அழைக்கிறது. பிரதக்ஷிணத்தின்போது அவ்வரிகளைச் சற்றே நின்று நோக்கலாம். திருப்பணிக்குப் பொருள் தருவோர், தம் பெயருக்குரிய சலவைக்கல் எங்கே பதிக்கப்படும் என்று வினவுமுன், அவ்விடத்துப் பழைய எழுத்து படியெடுக்கப்பட்டதா என்று வினவலாம்.