பந்தைப் பிடிக்கக் கூடாத ஐவர்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்குப் பதினொரு பேர். அவர்களில் ஐந்து பேர், தங்கள் அணியே முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கக் கூடாது. நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள் இருவர், அவர்களை அடுத்து டேக்கிள்கள் இருவர். ஆட்டம் தொடங்கும் கோட்டில் ஏழு பேர் வரிசையாக நிற்க, அந்த வரிசையின் இரு கோடியில் இருப்பவர்களுக்கும் கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் மட்டுமே பந்தைப் பிடிக்கும் உரிமை. மற்ற ஐவரை நடுவரும் எதிரணியும் அடையாளம் காண்பதற்காகவே 50 முதல் 79 வரையான எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கோட்டைத் தாண்டிப் போகும் பந்து எறிபவரின் கையை விட்டுக் கிளம்பும் முன்பே இவர்கள் முன்னேறிவிடக் கூடாது. தொழில்முறை ஆட்டத்தில் ஒரு யார்டு, கல்லூரி ஆட்டத்தில் மூன்று யார்டு, அதுதான் எல்லை. மீறினால் அணிக்கு ஐந்து யார்டு இழப்பு.

இந்த விதி பிறந்த கதை மரணங்களில் தொடங்குகிறது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் ஏறக்குறைய பதினெட்டு இளைஞர்கள் இந்த ஆட்டத்தால் இறந்ததாக அன்றைய செய்தித்தாள்கள் கணக்கிட்டன. அப்போது பந்தை முன்னோக்கி எறிய அனுமதி இல்லை. மூன்று முயற்சிகளில் ஐந்து யார்டு முன்னேறினால் போதும் என்பதால், கும்பலாகச் சேர்ந்து எதிரணியின் நடுவரிசையை இடித்துத் தள்ளுவதே ஆட்டமாக இருந்தது. அடியில் சிக்கியவர்களின் கழுத்தும் மண்டையும் முறிந்தன. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். சில கல்லூரிகள் ஆட்டத்தையே கைவிட்டன. 1906இல் விதிகள் மாறின. முன்னேற வேண்டிய தூரம் பத்து யார்டு ஆனது. இரு அணிகளின் வரிசைகளுக்கும் நடுவே இடைவெளி வந்தது. முன்னோக்கி எறியும் பாஸ் சட்டபூர்வமானது.

குவிந்து கிடந்த உடல்களைக் களம் முழுவதும் பரப்பி, மோதலின் கடுமையைக் குறைப்பதே இதன் நோக்கம். ஆனால் விதியை எழுதியவர்கள் அஞ்சி அஞ்சித்தான் அனுமதி கொடுத்தார்கள். யாரும் தொடாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று விஸ்கான்சினின் வாக்கெஷாவில், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பாஸ் அப்படித்தான் வீணானது. பிறகு சக வீரர் ஜாக் ஷ்னைடருக்கு எறிந்த பந்து கைகூடியது. வரிசையின் கோடியில் நிற்கும் இருவரைத் தவிர அந்த வரிசையில் வேறு யாரும் எறிந்த பந்தைத் தொடக் கூடாது என்பதும் அந்த 1906 விதியிலேயே உண்டு. மரணத்திலிருந்து மீட்க எழுதப்பட்ட அதே விதி, நடுவில் நின்றவர்களை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டது.

இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பதினொரு பேரும் பந்தைப் பிடிக்கலாம் என்றால், எதிரணி யாரைப் பின்தொடர்வது? கலிஃபோர்னியாவின் பீட்மான்ட் உயர்நிலைப் பள்ளி 2007இல், பந்தை உதைக்கும் ஆட்டத்துக்கு எண் விதியிலிருந்து தரப்பட்ட விலக்கைப் பயன்படுத்தி, யார் ஓடுவார் என்றே தெரியாத ஒரு முறையைக் கொண்டுவந்தது. 2009இல் அந்த வழி அடைக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி, பிடிக்க உரிமையுள்ள எண் அணிந்தவரை உரிமையற்றவராக நடுவரிடம் அறிவித்து பால்டிமோர் ரேவன்ஸைக் குழப்பி 35-31 என்று வென்றது. இரண்டே மாதத்தில் அந்த விதியும் இறுக்கப்பட்டது. எதிராளிக்கு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு ஆடு என்பதே இந்த விதியின் உள்ளடக்கம். அது நல்ல அறம்.

அந்த அறத்துக்கான விலை யாருடைய உடலிலிருந்து வந்தது என்பதைத்தான் நாம் கேட்டிருக்க வேண்டும். பந்து பறக்கும் ஒவ்வொரு முறையும், எறிபவருக்குச் சில விநாடி அவகாசம் கிடைக்க ஐந்து பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நினைவிழக்கச் செய்யாத, களத்தை விட்டு வெளியேற்றாத சிறு மோதல்கள் அவை. யாரும் எண்ணுவதில்லை. மைக் வெப்ஸ்டர் என்ற சென்டர், 52ஆம் எண், 1974 முதல் 1990 வரை ஆடினார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியோடு சூப்பர் பவுல் என்னும் தொழில்முறை இறுதிப் போட்டியை நான்கு முறை வென்றார். ஆட்டத்தை விட்ட பின் நினைவு தடுமாறி, வீடின்றித் தன் வண்டியிலேயே தங்கும் நிலைக்கு வந்தார். 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த பெனட் ஒமாலு அவர் மூளையில் கண்டதே, இந்த ஆட்டத்தை ஆடிய ஒருவரிடம் உறுதிசெய்யப்பட்ட முதல் சிடிஇ என்னும் மூளைச் சிதைவு. அதைப் பற்றி 2005இல் வெளியான அவர் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி, என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக்கின் குழுவிலிருந்த மருத்துவர்கள் எழுதினார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வில், கொடையாக வந்த முன்னாள் என்எஃப்எல் ஆட்டக்காரர்களின் 111 மூளைகளில் 110இல் அந்த நோய் இருந்தது. நோயின் அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுக்கும் என்பதால், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்த விகிதம் பொருந்தாது. ஆனாலும் அது ஒதுக்கித் தள்ளக்கூடிய எண் அல்ல.

விதியை மாற்றினால் ஆட்டம் செத்துவிடும் என்று சொல்பவர்கள் 1906ஐ நினைத்துப் பார்க்கட்டும். இன்று உலகம் வியக்கும் நீண்ட பாஸ்கள் எல்லாம் அந்த மாற்றத்தின் பிள்ளைகள். அதன் பிறகும் விதிகள் நெகிழ்ந்திருக்கின்றன. 1978இல் என்எஃப்எல், எறிபவரைக் காத்துத் தடுப்பவர்கள் கைகளை நீட்டித் தடுக்கலாம் என்று அனுமதித்தது. பந்து எறிபவருக்குக் கூடுதல் நேரம் கிடைக்கவே அந்தச் சலுகை. எறிபவருக்காக மாறத் தெரிந்த விதிக்கு, தடுப்பவரின் மூளைக்காகவும் மாறத் தெரியும்.

எங்கே தொடங்குவது என்பதிலும் மர்மம் இல்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, தலையை முன்னே நீட்டி நிற்கும் நிலையிலிருந்துதான் அந்த ஐவர் பாய்கிறார்கள். பாப் வார்னர் என்ற சிறுவர் அமைப்பு 2019இல் தன் இளைய பிரிவுகளில் அந்த நிலையைத் தடை செய்தது. உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் என்எஃப்எல்லிலும் அந்தத் தடை வர வேண்டும். விதிக்குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் கூடத்தான் செய்கின்றன. இந்த ஒரு வரியை அவர்கள் எழுதட்டும்.