ரிசல்ட் வருவதற்கு முன்

கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு முடிந்துவிட்டது. விடுதி அறைகள் காலியாகின்றன. ஜெராக்ஸ் கட்டுகள் மூலைக்குப் போய்விட்டன. ‘செமஸ்டர் எப்படிப் போச்சு?’ என்று வீட்டில் கேட்டால், ‘ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்’ என்பதே பெரும்பாலும் வருகிற பதில். ஆறு மாதம் படித்ததில் என்ன தங்கியது என்று சொல்லும் பொறுப்பை மதிப்பெண் பட்டியலிடம் விட்டுவிடுகிறோம். அந்தப் பட்டியலுக்கு அது தெரியாது. மாணவர் தன்னைத்தானே கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி அது. ரிசல்ட் வருவதற்கு முன்பே கேட்க வேண்டியதும்கூட.

மதிப்பெண் பட்டியலுக்கு அது ஏன் தெரியாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையை 2006இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடப் பகுதியை நான்கு சுற்று படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71தான். ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது: முதல் பிரிவுக்கு 40, இரண்டாம் பிரிவுக்கு 61. முந்தின இரவு விழித்துப் படித்து, மறுநாள் காலை எழுதும் தேர்வு பெரும்பாலும் அந்த உடனடி நினைவைத்தான் அளக்கிறது. அதற்குப் பிறகு என்ன எஞ்சியது என்பது அதில் பதிவாவதில்லை.

எஞ்சியதை அறிய ஒரு வெள்ளைத் தாளும் சிலபஸும் போதும். நோட்டைத் திறக்காமல், ஒவ்வொரு யூனிட்டுக்கும் தெரிந்ததை எழுதிப் பார்க்கலாம். வணிகவியல் மாணவர் ‘தேய்மானம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மார்க் கேள்விக்கான இலக்கணம் உடனே வந்துவிடும். ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், ஆண்டுக்கு 10 சதவீதத் தேய்மானம். நேர்கோட்டு முறையில் இரண்டாம் ஆண்டும் 10,000 ரூபாய் கழிகிறது. குறைந்து செல் மதிப்பு முறையில் 9,000தான் கழிகிறது. ஏன் இந்த வேறுபாடு, இதனால் அந்த ஆண்டின் லாபம் எப்படி மாறும் என்று தன் சொற்களில் எழுத வருகிறதா? பேனா எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடம்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது. எந்த மதிப்பெண் பட்டியலும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது.

‘தேர்வு முடிந்தும் படிப்பா? விடுமுறை ஓய்வுக்குத்தானே?’ என்று கேட்கலாம். நியாயம்தான். விடுமுறையில் வேலைக்குப் போய் அடுத்த கட்டணத்துக்குப் பணம் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே கேட்பது பாடத்துக்கு ஒரு மணி நேரம் மட்டுமே. ‘மறப்பது இயல்பு, எழுதிப் பார்த்தால் மனம் சோர்ந்துதானே போகும்?’ என்றும் கேட்கலாம். மறதியை முதன்முதலில் முறையாக அளந்த ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், 1885இல் வெளியிட்ட நூலில் ஆறுதலான ஒன்றையும் சொன்னார். மறந்துபோனதாகத் தோன்றுவதை மீண்டும் கற்க, முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. எனவே தாளில் விழும் வெற்றிடம் முழு நஷ்டம் அல்ல. ‘பழைய வினாத்தாளைப் புரட்டினாலே பாஸாகிவிடலாம் என்றிருக்கும் தேர்வு முறையை அல்லவா குறை சொல்ல வேண்டும்?’ என்பது வலுவான கேள்வி. சொல்லத்தான் வேண்டும், மாற்றவும் வேண்டும். ஆனால் அது மாறும்வரை இழப்பு முழுவதும் மாணவருடையது.

ரிசல்ட்டுக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ் என்று வந்துவிட்டால், அந்தப் பாடத்தை மறுபடி தொட மனம் வராது. அரியர் என்று வந்தால், அடுத்த முறை எதைக் கேட்பார்கள் என்பதிலேயே கவனம் போய்விடும். எண் கையில் இல்லாத இந்தச் சில வாரங்களில்தான், ‘எனக்கு என்ன தெரியும்?’ என்று ஒரு மாணவர் பயமோ பெருமையோ இல்லாமல் கேட்டுப் பார்க்க முடியும். அடுத்த செமஸ்டரின் முதல் வகுப்பு, போன செமஸ்டர் தெரியும் என்று நம்பித்தான் தொடங்கும். அந்த நம்பிக்கை சரியா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.