கேட்பதுதான் ரோஷம்

“அவன் காசு எனக்கு எதுக்குக்கா? பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அவன்கிட்ட போய்க் கையேந்த மாட்டேன்.”

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில், நத்தம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு தங்கை சொன்ன வார்த்தை இது. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் முடித்து, அம்மா வீட்டில் விட்டிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. விவாகரத்தாகி இரண்டு வருடம். “ஜீவனாம்சம் கேட்டியாம்மா?” என்றேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் அந்தக் குழந்தையின் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பின் வார் பிய்ந்துபோய், அடியில் ஊக்கு குத்தியிருந்தது. “உன் ரோஷத்துக்கு இந்தப் பிள்ளை ஏம்மா ஊக்குப் போட்ட செருப்போட நடக்கணும்?” என்று கேட்டேன். அவள் பேசவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

அன்று அவளிடம் சொல்லி முடிக்காததை இன்று உன்னிடம் சொல்கிறேன், தங்கச்சி. உட்கார்ந்து கேள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருப்பாய். விடியற்காலையில் தக்காளிப் பெட்டியை இறக்கிய விவசாயி, எடை போட்டு, சீட்டை வாங்கி, பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு போகிறார். அவரை யாராவது பிச்சைக்காரன் என்கிறார்களா? நிலக்கோட்டைத் தோட்டத்தில் பனியில் நின்று மல்லிகை எடுத்தவள், எடுத்த பூவுக்குக் கூலி கேட்டால் அது கையேந்துவதா? உழைத்தவர் கூலி கேட்பது மானம். கேட்காமல் விட்டால் ஏமாளி என்றுதான் ஊர் சொல்லும்.

நீ எத்தனை வருடம் அந்த வீட்டில் உழைத்தாய்? நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியது யார்? மாமியாருக்கு மூட்டு வலி வந்தபோது தைலம் தேய்த்தது யார்? அவன் கவலையில்லாமல் வேலைக்குப் போய் வர, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது யார்? அந்த உழைப்புக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் அது உழைப்பே இல்லை என்று ஆகிவிடுமா? ஜீவனாம்சம் அவன் போடும் பிச்சை இல்லை. திருமணம் என்று சபையில் ஏற்றுக்கொண்ட கடமையின் பாக்கி. பாக்கியைக் கேட்க என்ன வெட்கம்?

உன்னைவிடக் கஷ்டமான நிலையில் நின்ற ஒருத்தியைச் சொல்கிறேன். பெயர் ஷா பானு. இந்தூரைச் சேர்ந்த முஸ்லிம் பெண். 1932-இல் திருமணம், ஐந்து பிள்ளைகள். நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய பிறகு, 1975-இல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். கணவரோ வக்கீல், சட்டம் தெரிந்தவர். 1978-இல் அறுபதைத் தாண்டிய அந்தத் தாய் கோர்ட் படி ஏறி மாதம் 500 ரூபாய் கேட்டார். மாஜிஸ்திரேட் கோர்ட் தந்தது 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. கணவர் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார். 1985 ஏப்ரல் 23 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, அந்தத் தாய்க்கு ஜீவனாம்சம் பெற உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டே வந்த புதுச் சட்டம் அந்த உரிமையைச் சுருக்கப் பார்த்தது. ஆனாலும் அவர் திறந்த கதவு மூடவில்லை. 2024 ஜூலை 10 அன்று, மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்ணும் எல்லா மதத்தாருக்கும் பொதுவான சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதியாகச் சொன்னது. 25 ரூபாய்த் தீர்ப்போடு அவர் ஓய்ந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா?

அதே 1985-இல்தான் நம் திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக எழுந்து நின்றது. பிரிந்ததால் எதுவும் அழிந்துவிடுவதில்லை!

இப்போது உன் கையில் இருப்பது என்ன என்று பார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்று வக்கீல்கள் சொல்வார்களே, அது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. நீ பேகம்பூரில் இருந்தாலும், நாகல்நகரில் இருந்தாலும், மேட்டுப்பட்டியில் இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இது உனக்கு உண்டு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத மனைவி கேட்கலாம். விவாகரத்தாகி மறுமணம் செய்யாதவளும் கேட்கலாம். பிள்ளைகளுக்கும் கேட்கலாம். அவன் ஊருக்கு அலைய வேண்டாம், நீ குடியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே மனு போடலாம். வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சம் கேள். அந்த மனுவைக் கூடியவரை 60 நாளுக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது.

“வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையே” என்கிறாயா? 1987-இல் வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்றால் போதும், வருமான வரம்பு கிடையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணுக்குப் போன் போடு.

“எனக்கு வேலையே இல்லைன்னு அவன் கை விரிச்சுட்டா?” உடம்பில் தெம்புள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“நான் மில்லுக்குப் போறேனே, எனக்குத் தருவாங்களா?” சம்பாதிக்கிறாய் என்பதாலேயே உரிமை போய்விடாது. அந்தச் சம்பளம், அவனோடு வாழ்ந்த வாழ்க்கைக்கு ஈடாக உனக்குப் போதுமா என்பதே கேள்வி.

“உத்தரவு வந்தும் கொடுக்கலைன்னா?” வசூலுக்கு வாரண்ட் கேள். அதற்கும் மசியாவிட்டால், பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும். தூங்கிவிடாதே!

பஞ்சாயத்தில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, “ஒரே தடவையா ஒரு தொகையை வாங்கிட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போ தாயி” என்பார்கள். படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. “வக்கீல்கிட்ட காட்டிட்டு வர்றேன்” என்று எழுந்து வா. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தைரியம் வந்தால் போதும், பாதி வழக்கு ஜெயித்த மாதிரி.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். வக்கீலம்மா சொன்னதால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அன்றாடச் செலவை எழுத ஆரம்பித்தாள். பால், கேஸ், வீட்டு வாடகை, வேன் கட்டணம், பையனுக்கு இருமல் மருந்து, வாய்தாவுக்குப் போன பஸ் காசு. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். அதற்காகத்தான் எழுதினாள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “இத்தனையையும் நான் ஒருத்தியா சுமந்திருக்கேனாக்கா!” கோர்ட்டுக்கு எழுதிய கணக்கு, அவள் பலத்தை அவளுக்கே காட்டிவிட்டது.

நீயும் எழுது. உள்ளதை உள்ளபடி எழுது. உன் சம்பளத்தை மறைக்காதே, இல்லாத செலவைச் சேர்க்காதே. உண்மையோடு நிற்கிறவள் எந்தக் குறுக்கு விசாரணைக்கும் நடுங்க வேண்டியதில்லை.

பணம் வரத் தொடங்கியதும் அதோடு நின்றுவிடாதே. அந்தச் சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. அதை 1947-இல் தொடங்கிய டாக்டர் சௌந்திரம் அம்மா யார்? இளம் வயதில் கணவரை இழந்தவர். இனி இவளுக்கு மூலைதான் என்று ஊர் விதித்த காலத்தில் மருத்துவம் படித்தார், மறுமணம் செய்தார், இதே மண்ணில் ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வு தந்தார், நம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். ஜீவனாம்சம் உன் பிள்ளையின் பாலுக்கும் படிப்புக்கும் ஆகட்டும். உன் தையல் மிஷினும், உன் பாதியில் நின்ற படிப்பும், உன் பேரில் ஒரு வங்கிக் கணக்கும் உன்னை நிமிர்த்தட்டும். அவன் தர வேண்டியதை வாங்கு. நீ ஆக வேண்டியதை ஆகு. ஒன்றுக்காக மற்றொன்றை விடாதே.

கடைசியாக ஒன்று. அந்த 2020 தீர்ப்பு இன்னொன்றும் சொல்லியிருக்கிறது: ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. நீ அழுதுகொண்டிருந்த நாளுக்கும், ரோஷத்தில் சும்மா இருந்த நாளுக்கும் கணக்கு இல்லை. நீ தயங்கும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு லாபம், உன் பிள்ளைக்கு நட்டம்.

நாளைக் காலையில் எழுந்ததும் நோட்டைத் திற. தேதி போடு. அப்படியே கிளம்பி, மனுவைப் போட்டுவிட்டு வா.