முட்டைக்கோஸ் பாத்தியும் கொல்லாமை விரதமும்

இலையுதிர் காலத்தில் வீட்டுத் தோட்டத்தில் வளரும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றைத் தின்னும் புழுக்களைக் கொல்வது முறையா என்னும் வினாவைச் சமணத்தைப் போல் நுணுகி ஆராய்ந்த மரபுகள் மிகச் சிலவே. இல்லறத்தார் மேற்கொள்ளும் எளிய நோன்பாகிய அணுவிரதத்தை விளக்கும் சமண அறநூலார், கொலையை நால்வகையாகப் பிரித்து, வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையை முற்றாக விலக்குகின்றனர்; வீட்டுவேலை, தொழில், தற்காப்பு ஆகியவற்றில் தவிர்க்க இயலாது நேர்வதை, இயன்றவரை குறைக்குமாறு கூறிப் பொறுத்துக்கொள்கின்றனர். வந்தவாசிப் பகுதித் தமிழ்ச் சமணர் தலைமுறைகளாக உழவராக வாழ்வதற்கு இந்தப் பகுப்பே இடமளித்தது எனலாம்.

மண்ணைக் கொத்துகையில் மண்புழு மடிவது தொழில்வழி நேரும் இம்சை என்பதில் ஐயமில்லை. ஆயின், இலையின் அடியில் ஒட்டியிருக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் பச்சைப் புழு, விரல் பட்டதும் துடித்து, மெல்லிய நூலொன்றில் தொங்கித் தப்ப முயல்வதைக் கண்ட பின்னும் அதனை நசுக்குவதைத் தற்காப்பு என்பது கடினம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியத்தைத் தெளிப்பது மண்ணுக்கு நல்லதே எனினும், அதுவும் புழுவின் குடலைச் சிதைத்தே கொல்வதால், அறச்சிக்கல் அங்கும் தீர்வதில்லை. உமாசுவாதியின் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் கவனமின்மையால் உயிரைப் பிரித்தலையே இம்சை என வரையறுப்பதால், நாற்று நட்ட அன்றே பாத்தியை நுண்வலையால் மூடி, அந்து முட்டையிடாமல் தடுப்பதே இந்நெறிக்கு மிக அணுக்கமான வழியாகும்.